ஐந்தாவது பாட்டு

கடலுக்கு அடியில் கிடக்கிற மனுஷனுக்கு நேரம் தெரியாது. மேலே கயிற்றைப் பிடித்து நிற்கிறவன்தான் அவனுக்குக் கடிகாரம். சங்கு குளிக்கிற கிங்ஸ்டனுக்குக் கயிறு பிடித்தவன் அவன் பெண்டாட்டி ஜெனிலாவின் தம்பி டிக்சன். டிக்சன் நேரம் பார்த்தது பாட்டை வைத்து. ஐந்து பாட்டு முடிந்ததும் கயிற்றை இரண்டு தடவை சுண்டுவான். கிங்ஸ்டன் சங்குப் பையைக் கட்டிக்கொண்டு ஏறி வந்துவிடுவான்.

கைக்கடிகாரம் கட்டினால் ஆகாதா என்று கரையில் இருப்பவர்கள் கேட்பார்கள். கரையில் இருப்பவர்களுக்கு எல்லாம் லேசுதான். கயிற்றுக்காரனுக்கு ஒரு கை கயிற்றில், மறு கை காற்றுக் குழாயில். கண் தண்ணீரில் கிளம்புகிற குமிழியை விட்டு அசையக் கூடாது. ஒரு காதைக் கம்ப்ரசருக்குக் கொடுத்தாக வேண்டும். அது இரைவது நின்றால் கீழே மூச்சு நிற்கும். மிச்சம் ஒரே ஒரு காது. அந்தக் காதில்தான் பாட்டு ஓடும். செல்போனைக் கொண்டுபோனால் பாட்டுக்கு நடுவில் எவனாவது கூப்பிட்டுத் தொலைப்பான் என்று அதைப் படகுக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியே தடுத்திருந்தார். அதனால் கைக்குள் அடங்குகிற ஒரு பாட்டுப்பெட்டி. திரேஸ்புரம் கரையில் பாதிப் படகுகளில் இதுதான் வழக்கம்.

கயிறு மச்சினன் கையில் இருப்பதும் வழக்கம்தான். கூடப்பிறந்தவனை நம்பாதவன்கூடப் பெண்டாட்டியின் தம்பியை நம்புவான். அக்கா கழுத்துத் தாலியைத் தம்பியே அறுக்க மாட்டான் என்ற கணக்கு. மலையேறப் போனாலும் மச்சான் தயவு வேண்டும் என்று ஊரில் சும்மா சொல்லிக்கொள்வார்கள். கடலில் இறங்குகிறவனுக்கு அது சும்மா இல்லை. டிக்சனை ஆலந்தலையிலிருந்து கூட்டி வந்து வீட்டோடு வைத்துக்கொண்டதே அதற்காகத்தான்.

பழைய பாட்டுப்பெட்டியை உப்புக்காற்று தின்றுவிட்டது. ஒரு நாள் அமுக்கிய பொத்தான் எழும்பவே இல்லை. ஜெனிலா டவுனுக்குப் போய், சாத்தான்குளத்துக்காரர் செந்தூர்வேல் வைத்திருக்கிற கடையில் புதிதாக ஒன்று வாங்கினாள். சின்னத் திரை, பக்கவாட்டில் மெமரி கார்டு போட ஒரு பொந்து, தெரியாமல் கை பட்டாலும் பாட்டு மாறாதபடி பூட்டுகிற ஒரு விசை.

"பாட்டு நானே ஏத்தித் தாரேன்மா. ஆயிரம் பாட்டு இருக்கு" என்றார் செந்தூர்வேல்.

"வேண்டாம் அண்ணாச்சி. எனக்குத் தெரியும்" என்றாள் ஜெனிலா. ஆலந்தலையில் கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்த சர்டிபிகேட்டைப் பிரேம் போட்டு மாட்டியிருப்பவள் அவள். கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் படிப்பு, மாமியார் பெர்பேத்தம்மாளின் கேஸ் சிலிண்டர் பதிவதைத் தவிர வேறு எதற்கும் உதவியதில்லை. இப்போது புருஷன் மூச்சு ஓடுவது அவள் அடுக்கிக் கொடுக்கிற பாட்டில் என்றால், அதை ஒரு கடைக்காரரிடம் விடுவாளா.

பெட்டியை முழுக்கச் சார்ஜ் ஏற்றினாள். மொழி கேட்டது. தமிழ் இல்லை, இங்கிலீஷை வைத்தாள். தேதி வைத்தாள். கார்டைச் சுத்தமாக அழித்து, பக்கத்து வீட்டுக் கம்ப்யூட்டரில் செருகிப் பாட்டுகளை ஏற்றினாள். பெட்டி அகரவரிசையில்தான் பாடும் என்று கண்டுபிடித்து ஒவ்வொரு பாட்டின் பெயருக்கு முன்னாலும் எண் போட்டாள். கொஞ்ச நேரம் யாரும் தொடாவிட்டால் தானே அணைந்துபோகிற வசதி ஒன்று இருந்தது. அதைத் தேடிப் பிடித்து நிறுத்தினாள். மாற்றி மாற்றிப் பாடுகிறதையும் நிறுத்தினாள். கடைசியில் அடுப்படியில் உட்கார்ந்து ஐந்து பாட்டையும் கேட்டுப் பார்த்து, விசையைப் பூட்டி, பிளாஸ்டிக் உறையில் போட்டு டிக்சனிடம் கொடுத்தாள். ஒரு குறை சொல்ல முடியாது. அவ்வளவு பொறுப்பாகச் செய்தாள்.

எல்லாம் சினிமாப் பாட்டு. ஒன்றில் கதாநாயகி மழையில் நனைவாள், ஒன்றில் கதாநாயகன் ரயில் பின்னால் ஓடுவான். எந்தப் பாட்டும் வழக்கமான சினிமாப் பாட்டு அளவைத் தாண்டாது. அந்த ஐந்தோடு சங்கு சீசனில் பாதி நல்லபடியாக ஓடியது.

பிறகு தவக்காலம் வந்தது.

சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு கோயிலிலிருந்து வந்த ஜெனிலாவுக்கு ஒன்று உறுத்தியது. வீட்டில் கறி இல்லை, டிவி இல்லை. படகில் மட்டும் மழையில் நனைகிறவளைக் கேட்டுக்கொண்டு தம்பி கயிறு பிடிப்பதா? ஆண்டவர் பாடுபட்ட காலத்தில் அடியில் கிடக்கிற புருஷனுக்கு எது துணை? அன்றைக்கே கார்டில் தவசுப் பாட்டு ஐந்தை ஏற்றினாள். ஆண்டவர் சிலுவை சுமப்பதும், விழுவதும், மாதா எதிரே வந்து நின்று அழுவதுமாக, பெரிய வெள்ளியில் ஊரே உருகிப் பாடுகிற பாட்டுகள். அதே எண்கள், அதே வரிசை. சினிமாப் பாட்டுகளை ஈஸ்டருக்குப் பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று தனி போல்டருக்குள் தள்ளினாள். இந்தத் தடவை ஐந்தையும் உட்கார்ந்து கேட்டுப் பார்க்கவில்லை. கேட்டுக் கேட்டு மனப்பாடமான பாட்டை எதற்குக் கேட்க வேண்டும்?

"ஏலே டிக்சா, தவசுக்குப் பாட்டை மாத்திட்டேன்" என்றாள்.

"நல்லதாப் போச்சுக்கா" என்றான் டிக்சன். கிங்ஸ்டனும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். "ஏ மாப்பிள, தவசுப் பாட்டுன்னாலும் அஞ்சு அஞ்சுதான். அஞ்சு முடியாம இழுத்தே, கையை ஒடிச்சிருவேன்" என்றான். முன்னொரு நாள் நல்ல சங்குப்படுகையில் கிடந்தபோது டிக்சன் பயந்து முன்னாலேயே சுண்டிவிட்டான். அதைச் சொல்லிச் சொல்லி அவனைக் கிண்டல் செய்வது கிங்ஸ்டனுக்கு வாடிக்கை. அன்றைக்கும் மூன்று பேரும் சிரித்தார்கள்.

மறுநாள் காலை முதல் முழுக்கில் கிங்ஸ்டன் ஏறி வந்தபோது பை நிறைந்து வழிந்தது. முழங்கை குடைகிறது என்று சொல்லித் தேய்த்துக்கொண்டானாம். இரண்டாவது முழுக்கில் ஏறியவன் படகு விளிம்பில் உட்கார்ந்து, முகக்கண்ணாடியைக் கழற்றி, டீ கேட்டான். டீ வருவதற்குள் கால் இரண்டும் தன் கால் மாதிரி இல்லை என்றான். எழுந்திருக்கப் பார்த்துக் குப்புற விழுந்தான். நெடுநேரம் ஆழத்தில் கிடந்தவன் உடம்பில் காற்று இரத்தத்தோடு கலந்து, ஏறும்போது முதுகுத்தண்டில் குமிழியாக நின்றுவிடும் என்று ஆஸ்பத்திரியில் பிறகு சொன்னார்கள். அந்தக் குமிழியைக் கரைக்கிற அழுத்த அறை இருக்கிற இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் நேரம் கடந்திருந்தது. இடுப்புக்குக் கீழே போனது போனதுதான்.

படகில் கம்ப்ரசரைப் பார்த்துக்கொண்டவன் மாசானம். அவன் பொய் சொல்கிறவன் இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் கேட்டவர்களிடம் பார்த்ததைச் சொன்னான்: "வழக்கத்தை விட ரொம்ப நேரம் ஆச்சேன்னு எனக்கே பட்டுது. திரும்பிப் பாக்கேன், இந்தப் பய கண்ணை மூடிட்டு நிக்கான்."

அது போதாதா. தூங்கிவிட்டான் என்று ஆஸ்பத்திரியிலிருந்து திரேஸ்புரம் போய்ச் சேர்வதற்குள் பேச்சு முடிந்துவிட்டது. பெர்பேத்தம்மாள் வராந்தாவில் நெஞ்சில் அடித்துக்கொண்டாள். "மச்சினன்னு நம்பித்தானலே எம்புள்ள உங்கையில கயித்தக் குடுத்தான். நீ ஒறங்கதுக்கா குடுத்தான்?"

டிக்சன் அங்கே நிற்கவில்லை. ஜெனிலாவை மட்டும் படிக்கட்டுக்குக் கீழே இழுத்துக்கொண்டு போனான். "அக்கா, நான் ஒறங்கல. அஞ்சும் முடிஞ்சுதான் சுண்டுனேன். அஞ்சாவது பாட்டுல கடைசியா மாதா மகனை மடியில கெடத்துவால்லா, அந்த அடி முடிஞ்ச ஒடனே சுண்டிட்டேன். அது கேக்கும்போது அழுகை வந்துட்டு. கொஞ்ச நேரம் கண்ணை மூடுனேன். அம்புட்டுதான். மாதா மேல சத்தியம்." பிளாஸ்டிக் உறையோடு பாட்டுப்பெட்டியை அவள் கையில் வைத்தான்.

ஜெனிலா அதை முடுக்கிப் பார்த்தாள். திரையின் அடியில் ஒவ்வொரு பாட்டுக்கும் அதன் நீளம் வரும். ஒன்றைப் பார்த்தாள். அடுத்ததைப் பார்த்தாள். தவசுப் பாட்டுகளுக்கு அடிகள் அதிகம். ஒவ்வொரு அடிக்கும் பல்லவி திரும்ப வரும், இழுத்து இழுத்துப் பாடுவார்கள். ஒவ்வொரு பாட்டும் சினிமாப் பாட்டைப் போல இரண்டு மடங்குக்குக் குறையவில்லை. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். எதிரே தம்பி, அக்காவாவது நம்புகிறாளா என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அப்போதே சொல்லியிருக்கலாம். புருஷன் முதலில் கண் விழிக்கட்டும் என்று நினைத்தாள். விழித்தான். கொஞ்சம் தேறட்டும் என்று நினைத்தாள். மாமியார் பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்துச் சொல்லலாம் என்று நினைத்தாள். மாமியார் எப்போதும் பக்கத்திலேயே இருந்தாள். இன்று நாளை என்று தள்ளத் தள்ள அந்த வார்த்தை கனத்துக்கொண்டே போனது. கட்டினவன் காலைத் தன் கையால் எடுத்தவள் என்ற பெயரோடு அந்த வீட்டில் எப்படிச் சோறு போடுவது? பாட்டுகளையாவது அழித்துவிடலாம் என்று ஒரு நாள் பெட்டியை எடுத்தாள். அழிக்கட்டுமா, வேண்டாமா என்று பெட்டி கேட்டது. ஆண்டவர் பாடுகளைத் தவக்காலத்தில் அழிக்க அவளுக்கு விரல் வரவில்லை. புடவைகளுக்கு அடியில் ஒளித்து வைத்தாள். தம்பியை அழிய விட அவளுக்கு மனம் வந்தது, பாட்டை அழிக்க வரவில்லை. மனுஷ புத்தி அப்படித்தான் வேலை செய்கிறது.

கிங்ஸ்டனை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அவன் பிடித்து எழும்பிக்கொள்ளக் கட்டிலுக்கு மேல் உத்தரத்திலிருந்து ஒரு கயிறு கட்டித் தொங்கவிட்டான் டிக்சன். படகுக் கயிறுதான், வேறு கயிறு வீட்டில் இல்லை. சம்மாட்டி டிக்சனை வேலையை விட்டு நிறுத்திவிட்டார். வேறு படகிலும் சேர்க்கவில்லை. துறைமுகத்தில் மூட்டை சுமக்கப் போனான், தங்குவதும் அங்கேதான். ஆனால் சாயங்காலமானால் வந்துவிடுவான். கிங்ஸ்டனைத் தூக்கிக் குளிப்பாட்டி, புரட்டிப் போட்டு, முதுகில் புண் வராமல் பவுடர் தடவுவான். கிங்ஸ்டன் ஒரு வார்த்தை பேச மாட்டான். டிக்சன் கை படும்போது முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வான்.

முதல் சில நாட்கள் டிக்சன் போகும்போதெல்லாம் அக்காவிடம், "நான் ஒறங்கலக்கா" என்று சொல்லிவிட்டுப் போனான். ஜெனிலா, "தெரியும்ல" என்பாள். பிறகு, "ஒறங்கிட்டேனோ என்னமோக்கா" என்று ஒரு நாள் சொன்னான். "முந்தின நாளும் சரியா ஒறக்கம் இல்ல. கண்ணை மூடுனது ஞாபகம் இருக்கு, தொறந்தது ஞாபகம் இல்ல." அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதற்கும் பிறகு ஒரு சாயங்காலம் வந்தவன் முகம் தெளிவாக இருந்தது. "சாமியார்ட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டேன்க்கா. ஒறங்கிட்டேன்னு சொல்லிட்டேன். இப்பதான் நெஞ்சு லேசா இருக்கு" என்றான். செய்யாத பாவத்துக்கு அவன் முழங்காலில் நின்று மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்திருந்தான். ஜெனிலாவுக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. "சாப்பிடுதியா?" என்று கேட்டாள்.

ஈஸ்டர் வந்தது. தெருவில் வெடி வெடித்தார்கள், ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு பாட்டு. பெர்பேத்தம்மாள் மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். மத்தியானம் கிங்ஸ்டன் தானாகவே வாயைத் திறந்தான்.

"ஏளா, தவசு முடிஞ்சுட்டுல்லா. நம்ம பாட்டுப்பொட்டி எங்கன? பழைய பாட்டைப் போடு."

ஜெனிலா புடவைகளுக்கு அடியிலிருந்து எடுத்தாள். சார்ஜ் இறங்கிக் கிடந்தது. சார்ஜரில் செருகியபடியே கட்டிலில் வைத்து, சினிமாப் பாட்டு இருந்த போல்டரைத் திறந்து, காதுக்குழாயைக் கழற்றிவிட்டு வெளியே கேட்கும்படி போட்டாள். கிங்ஸ்டன் கண்ணை மூடிக்கொண்டான். மழையில் நனைகிறவள் வந்தாள், ரயில் பின்னால் ஓடுகிறவன் வந்தான். ஐந்தாவது பாட்டு முடிந்ததும் அவன் கை தானாக மேலே போய், தொங்குகிற கயிற்றைப் பிடித்தது. ஏறி வருகிறவன் பிடிக்கிற பிடி; அந்த ஐந்து பாட்டின் நேரம் உடம்புக்கு அவ்வளவு பழகியிருந்தது. கண் திறந்து, தன் கையைத் தானே பார்த்து, ஆஸ்பத்திரிக்குப் பிறகு முதல் தடவையாகக் கொஞ்சம் சிரித்தான்.

சிரிப்பு அடங்கிய பிறகும் கயிற்றை விடவில்லை.

"ஏளா, தவசுக்கு மாத்தினேன்னியே. அந்த அஞ்சையும் போடு."

"எதுக்கு? அழுகைப் பாட்டு. நல்ல நாளும் அதுவுமா."

"போடு."

அழித்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பொய் நுனி நாக்குக்கு வந்தது. கயிற்றைப் பிடித்திருந்த கையைப் பார்த்ததும் அது உள்ளே போய்விட்டது. அவள் போட்டாள்.

ஆண்டவர் சிலுவையை வாங்கினார். முதல் பாட்டு முடிவதற்குள் டீ வைத்து ஆற்றிக் குடித்துவிடலாம். இரண்டாவதில் வாசல் வெயில் ஒரு சாண் நகர்ந்தது. மூன்றாவது நடந்துகொண்டிருந்தபோது கிங்ஸ்டன் பாட்டைக் கேட்பதை நிறுத்திவிட்டு அவள் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தான். அவள் தரையைப் பார்த்தாள். அவன் நிறுத்தச் சொல்லவில்லை. நாலாவது வந்தது. அப்போதும் கயிற்றை விடவில்லை. மாதா மகனை மடியில் கிடத்துகிற கடைசி அடி முடிந்தபோதுதான் கையைக் கீழே போட்டான்.

"இதை நீ எப்பக் கண்டுபிடிச்சே?"

"ஆஸ்பத்திரில. மொத நாளே."

அடிப்பான், ஏசுவான், காறித் துப்புவான் என்று காத்திருந்தாள். எதைச் செய்திருந்தாலும் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவன் பாட்டுப்பெட்டியை அணைத்தான்.

"உன்னை ஏசதுக்கு எனக்கு ஆயுசு கெடக்கு" என்றான். "அவன் ஒருத்தன் ஒறங்கிட்டேன்னு நம்பிக்கிட்டு அலையுதான். அவன்ட்ட மொதல்ல சொல்லு."

டிக்சன் வழக்கம்போல் சாயங்காலம் வந்தான். ஈஸ்டர் என்று வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். பவுடர் டப்பாவை எடுக்கப் போனவனைக் கிங்ஸ்டன் கூப்பிட்டான். "மாப்பிள." அந்தச் சொல்லைக் கேட்டதும் டிக்சன் அப்படியே நின்றுவிட்டான். "நீ ஒறங்கலலே."

ஜெனிலா எல்லாவற்றையும் சொன்னாள். பாட்டை மாற்றியது, நீளம் பார்க்காதது, பார்த்த பிறகும் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தது, ஒன்றையும் மறைக்கவில்லை. சொல்லச் சொல்ல அழுகை முட்டிக்கொண்டு வந்தது. டிக்சன் பொறுமையாகக் கேட்டான். நோயாளி உளறுவதைக் கேட்கிற மாதிரி இருந்தது அவன் கேட்ட விதம்.

"எனக்காகச் சொல்லுதியாக்கா? வேண்டாம். நான்தான் ஒறங்கிட்டேன். பாவசங்கீர்த்தனமும் பண்ணியாச்சு."

"ஏலே, ஆஸ்பத்திரில நீதானல சொன்னே? அஞ்சாவது பாட்டு, மாதா மடில கெடத்துத அடி முடிஞ்சதும் சுண்டுனேன்னு. ஒறங்குனவனுக்கு அது எப்படித் தெரியும்?"

டிக்சன் யோசித்தான். உண்மையாகவே யோசித்தான். நெற்றி சுருங்கியது.

"நானா சொன்னேன்? நீ சொல்லித்தான்க்கா எனக்கு அது தெரியும்."

ஜெனிலா பாட்டுப்பெட்டியை எடுத்துக் காதுக்குழாயைச் செருகி, அவன் காதில் தன் கையாலேயே வைத்தாள். ஐந்தாவது பாட்டைப் போட்டாள். அக்கா சொன்னால் தட்டாத பிள்ளை அவன். கட்டில் ஓரத்தில் நின்று தலையைக் குனிந்து முழுப் பாட்டையும் கேட்டான். கிங்ஸ்டனும் அவளும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசி அடி வரும் முன்பே அவன் உதடு அந்த அடியை ஒரு சொல் விடாமல் சொல்லி முடித்தது. அது அவனுக்கே தெரியவில்லை.

காதுக்குழாயை எடுத்துச் சட்டையில் துடைத்து, வயரைச் சுருட்டி அவளிடம் கொடுத்தான். பவுடர் டப்பாவை எடுத்துக்கொண்டு கிங்ஸ்டனின் தோளுக்கு அடியில் கை கொடுத்தான்.

"நல்ல பாட்டுக்கா" என்றான். "அன்னைக்குக் கேக்காமப் போயிட்டேன்."